பிள்ளைகளுக்குக் கொஞ்சம் போரடிக்கட்டும்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நம் வீடுகளில் அந்தக் குரல் கேட்கத் தொடங்கிவிடும். "அம்மா, போரடிக்குதும்மா!" முதல் இரண்டு நாளும் தூங்கியும் தொலைக்காட்சி பார்த்தும் கழிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று பிள்ளைக்கும் தெரியவில்லை, பெற்றவர்களுக்கும் தெரியவில்லை. கை வேலையாய் இருக்கிற அம்மா கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். கொஞ்சம் வசதி உள்ள வீடுகளில் அபாகஸ், இந்தி, கையெழுத்துப் பயிற்சி, கராத்தே, கீபோர்டு என்று காலை முதல் மாலை வரை நாள் நிரப்பப்படுகிறது. பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை என்றால் பேச்சே இல்லை. அடுத்த ஆண்டுப் பாடம் மே மாதமே ஆரம்பமாகிவிடுகிறது.

வீடு சந்திப்புக்குப் போகும்போதும் அன்பியக் கூட்டங்களிலும் இந்தக் கவலையை நாம் அடிக்கடி கேட்கிறோம். "லீவுல பிள்ளைய எதுல சேர்த்துவிடலாம், ஃபாதர்?" என்பதே கேள்வி. எதிலும் சேர்க்காமல் விட்டால் என்ன என்று திருப்பிக் கேட்டால், பெற்றோர் முகத்தில் ஓர் அச்சம் தெரிகிறது. சும்மா விட்டால் பிள்ளை கெட்டுப்போகும், மற்ற பிள்ளைகளைவிடப் பின்தங்கிப்போகும் என்ற அச்சம் அது. அந்த அச்சத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் பிள்ளை "போரடிக்குது" என்று சொன்ன உடனே ஓடிப்போய் அதைத் தீர்த்துவைப்பது நல்லதுதானா? பிள்ளையின் கற்பனையும் கைத்திறனும் முளைக்கிற நேரமே அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகிற அரை மணி நேரம்தான் என்றால், நாம் அவசரப்பட்டு எதைத் தடுத்துவிடுகிறோம்?

'போர்' என்பது ஆங்கிலத்திலிருந்து வந்து நம் பேச்சில் ஒட்டிக்கொண்ட சொல். நம் பாட்டிமார் "பொழுது போகல" என்றுதான் சொன்னார்கள். மதுரைச் சீமையில் போரடிப்பது என்றால் வேறு பொருள் இருந்தது. களத்தில் நெற்கதிரைப் பரப்பி, மாடுகளைச் சுற்றிச் சுற்றி மிதிக்கவிட்டு நெல்மணியைப் பிரித்தெடுப்பதே போரடிப்பு. மாடு போதாதென்று யானையைக் கட்டிப் போரடித்த ஊர் என்று மதுரையைப் பெருமையாகப் பேசும் பழம்பாட்டு ஒன்றும் உண்டு. அறுவடை இயந்திரம் வந்தபின் களமும் சுருங்கிவிட்டது, அந்தப் பொருளும் மறைந்து வருகிறது. ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப நடப்பதைவிடச் சலிப்பான வேலை இருக்க முடியாது. ஆனாலும் வைக்கோலிலிருந்து மணி பிரிந்தது அப்படித்தான்.

அழகர்கோவில் பக்கத்துக் கோடையை அறிந்தவர்கள் நம்மில் பலர். மலையடிவாரத்திலிருந்து கள்ளந்திரி, அப்பன்திருப்பதி என்று மதுரை வரை வயலும் தோப்புமாய்க் கிடக்கும் பூமி அது. அறுவடை முடிந்தபின் சித்திரை, வைகாசியில் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் இருக்காது. கண்மாய் வற்றி, அடியில் களிமண் மட்டும் பிசுபிசுக்கும். பள்ளிக்கூடமும் இல்லை, பெரியவர்களுக்கு வயல்வேலையும் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நீளமாய் இருந்திருக்கும்!

அந்த நீளத்தில்தான் நுங்கு வண்டி ஓடியது. இன்றைய பிள்ளைகள் சிலருக்கு அதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். நுங்கை நோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் காய் இரண்டை எடுத்து, ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவட்டை உள்ள நீளக் கம்பு ஒன்றை அந்தக் குச்சியின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். காய் இரண்டும் ஒரே அளவாக இல்லையென்றால் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு போகும். கவட்டை குச்சியை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றாது. குச்சி காய்க்குள் தளர்வாய் இருந்தால் கழன்று விழும். எட்டு வயதுப் பையன் இதை நாலு தடவை கெடுத்து ஐந்தாவது தடவை சரியாகச் செய்வான். இரண்டு மூன்று நாளில் காய் வாடிச் சுருங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. இயந்திரவியல் படிப்பின் முதல் பாடம் அந்த வண்டியில் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்னும் எத்தனையோ. சோளத்தட்டையைச் சீவி, தோலையும் உள்ளிருக்கும் நெட்டியையும் இணைத்து மாட்டுவண்டியும் மூக்குக்கண்ணாடியும் செய்தார்கள். பூவரச இலையைச் சுருட்டி ஊதினார்கள். கண்மாய்க் களிமண்ணில் மாடு, உரல், சட்டி, பானை. காலித் தீப்பெட்டி இரண்டும் ஒரு முழ நூலும் கிடைத்தால் தொலைபேசி. புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்தால் தாயம். இவற்றை எந்தக் கோடை வகுப்பும் சொல்லித் தரவில்லை. மூத்த பிள்ளை செய்வதை இளைய பிள்ளை பார்த்துக் கற்றது, அவ்வளவுதான். ஆட்ட விதிகளையும் அவர்களே பேசி, சண்டை போட்டு, முடிவு செய்தார்கள். ஓடத் தெரியாத குட்டித் தம்பியை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொண்டு, அவன் மனமும் நோகாமல் ஆட்டமும் கெடாமல் பார்த்துக்கொண்டார்களே, அந்த நுட்பம் பெரியவர்களின் கமிட்டிக் கூட்டங்களில்கூட எளிதில் கிடைப்பதில்லை! மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுக்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் செல்வம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

அந்தக் காலமெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. நுங்கு வண்டி ஓட்டிய பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடமே போகாமல் மாடு மேய்த்தவர்கள். பெண் பிள்ளைகளுக்கோ இடுப்பில் ஒரு தம்பி அல்லது தங்கை எப்போதும் இருந்தது. ஆட்டத்துக்கு விடுதலை குறைவு. அந்த வறுமை நமக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைகளிடம் இருந்த ஒன்றை மட்டும் நாம் திரும்பக் கேட்கிறோம்: யாரும் நிரப்பாத நேரம்.

இது இரண்டு தலைமுறைக் கதை மட்டும் அன்று. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வைப் பற்றிய அறிக்கை 2019இல் வெளிவந்தது. தங்க அணிகளும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் பேசப்பட்ட அளவுக்குப் பேசப்படாத ஒன்று அதில் உண்டு. அங்கே சுமார் 600 வட்டச் சில்லுகள் கிடைத்தன. ஆட்டக்காய்களும் பகடையும்கூடக் கிடைத்தன. இன்றும் நம் தெருவில் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடும்போது எறிகிறார்களே, அதே போன்ற சில்லு. உடைந்த பானை ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தட்டித் தேய்த்து வட்டமாக்கிய சில்லு. வீட்டில் பானை உடைந்தால் அம்மாவுக்கு அது நட்டம். பிள்ளைக்கு அது புது விளையாட்டுச் சாமான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் வைகைக் கரையில் இப்படித்தான் இருந்திருக்கிறது. கீழடியில் 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு இந்த விடுமுறையில் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போகலாம். போய் வந்தபின் கட்டுரை எழுதச் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

சித்திரைத் திருவிழாவையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அழகர் கள்ளர் வேடத்தில் மலையை விட்டுப் புறப்பட்டு, வழி நெடுக மண்டகப்படிகளில் தங்கி, சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்குவது இந்த வட்டாரத்தின் பெரிய நிகழ்வு. தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்களும், திரி எடுத்து ஆடுகிறவர்களும், கொட்டுச் சத்தமும் எந்தச் சமயத்துப் பிள்ளையையும் கண் விரியப் பார்க்கவைக்கும். விழா முடிந்த அடுத்த வாரம் தெருவில் பாருங்கள். அட்டைப்பெட்டியில் ஒரு சப்பரம், இரண்டு கம்பு, நாலு பிள்ளைகள் தோளில் தூக்கி வருவார்கள். ஒருவன் தகர டப்பாவை அடித்துக்கொண்டு முன்னால் போவான். நம் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இப்படித்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டைக் கையில் எடுத்து 'பூசை வைக்கிற' பிள்ளை இல்லாத பங்கு ஏது? புனித வெள்ளி முடிந்தால் சிலுவைப்பாதை ஆட்டம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்தால் கல்யாண ஆட்டம்.

ஆண்டவர் இயேசுவும் இதைக் கவனித்திருக்கிறார். சந்தைவெளியில் உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைகளை அவர் ஓர் உவமைக்கு எடுத்துக்கொள்கிறார் (மத் 11:16-17; லூக் 7:31-32). குழல் ஊதிக் கல்யாண ஆட்டம் ஆடக் கூப்பிட்டாலும், ஒப்பாரி வைத்து இழவு ஆட்டம் ஆடக் கூப்பிட்டாலும் வர மறுக்கும் கூட்டாளிகளைப் பற்றி அந்தப் பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உவமையின் பொருள் வேறு. அந்தத் தலைமுறையின் பிடிவாதத்தை அவர் சுட்டுகிறார். ஆனால் நாசரேத்துத் தெருவில் பிள்ளைகள் கல்யாணத்தையும் சாவையும் விளையாடியதை அவர் பார்த்திருக்க வேண்டும், ஒருவேளை அவரே ஆடியும் இருக்கலாம் என்று நாம் எண்ணினால் தவறில்லை. பெரியவர்கள் உலகத்தில் பார்த்த பெரிய காரியங்களைப் பிள்ளைகள் இப்படித்தான் செரித்துக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரு விழா வேண்டும். செரிப்பதற்கு ஒன்றும் இல்லாத ஒரு வாரம் வேண்டும். இப்போது நாம் பிள்ளைகளுக்குப் பார்க்க ஏராளமாய்க் கொடுக்கிறோம். செரிக்க நாள் கொடுப்பதில்லை.

இதையெல்லாம் படித்தவர்கள் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 6 வயதுப் பிள்ளைகள் 70 பேரின் அன்றாட நேரத்தைப் பெற்றோரிடம் கேட்டுக் கணக்கெடுத்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரியவர்கள் வகுத்துக் கொடுத்த வகுப்பு, பயிற்சி போன்றவை ஒரு பக்கம். தானாக ஆடுவது, சுற்றிப் பார்ப்பது போன்றவை மறுபக்கம். தன் விருப்பப்படி கழிக்கும் நேரம் அதிகம் கிடைத்த பிள்ளைகள், யாரும் சொல்லாமலே தாமே ஓர் இலக்கை வைத்துக்கொண்டு அதை நோக்கி வேலை செய்யும் திறனில் மேலாக இருந்தார்கள். வகுப்புகள் அதிகமான பிள்ளைகளிடம் அந்தத் திறன் குறைவாகத் தெரிந்தது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனாலும் நாள் முழுக்கப் பிறர் சொன்னதைச் செய்து பழகிய பிள்ளைக்கு, யாரும் சொல்லாதபோது கை ஓடாது என்பதை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற எந்த ஆசிரியையும் சொல்வார். "படம் வரைங்க" என்றால் "என்ன படம் மிஸ்?" என்பதே அந்தப் பிள்ளைகளின் முதல் கேள்வி.

அதே 2014இல் பிரிட்டனின் சென்ட்ரல் லங்காஷையர் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னோர் ஆய்வும் வெளிவந்தது. இது பெரியவர்களை வைத்துச் செய்தது. ஒரு குழுவினரைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எண்களைக் கால் மணி நேரம் பார்த்து எழுதச் சொன்னார்கள். பிறகு இரண்டு தெர்மோகோல் கப்புகளைக் காட்டி, இவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். எண் எழுதிச் சலித்தவர்கள், சலிக்காமல் நேராக வந்தவர்களைவிட அதிக வழிகளைச் சொன்னார்கள். சலித்துப்போன மனம் பகற்கனவுக்குள் நழுவுகிறது. அங்கே தொடர்பில்லாத இரண்டு பொருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. சக்கரமும் பனங்காயும் ஒட்டிக்கொண்டதும் அங்கேதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். சோம்பலைத் தலையான பாவங்களுள் ஒன்றாகத் திருஅவை எண்ணுகிறதே, அதை வளர்க்கவா சொல்கிறீர்கள்? நல்ல கேள்விதான். சலிப்பைப் பற்றித் திருஅவையின் மரபில் மிக ஆழமாக எழுதியவர் நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ். திருப்பாடல் 91:6 சொல்லும் நண்பகல் தீமையைத் துறவியின் சலிப்போடு இணைத்து அவர் விளக்குகிறார். காலை பத்து மணிவாக்கில் அது வருமாம். சூரியன் நகராதது போலத் தோன்றும். ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பது போலத் தோன்றும். துறவி அடிக்கடி சன்னலைப் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார், இந்த இடமே வேண்டாம் என்று எண்ணுவார். நம் வீட்டில் "போரடிக்குது" என்று சுற்றிச் சுற்றி வரும் பிள்ளையை அப்படியே பார்த்து எழுதியது போல இல்லையா? இதற்கு எவாக்ரியுஸ் சொன்ன மருந்து புதுப் பொழுதுபோக்கு அன்று. அறையை விட்டு ஓடாதே, அங்கேயே இரு என்பதுதான். தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அதன்பின் ஓர் அமைதியும் சொல்ல முடியாத மகிழ்ச்சியும் வரும் என்றும் அவர் எழுதுகிறார். ஆக, சோம்பல் என்று முன்னோர் கண்டித்தது சலிப்பு வந்ததை அன்று. சலிப்பு வந்ததும் கடமையையும் இறைவனையும் விட்டு ஓடுவதைத்தான்.

புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்வு நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைச் சலிப்பின் கோணத்திலிருந்து நாம் பார்ப்பதில்லை. 1521 மே மாதம் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலாவில் உள்ள வீட்டில் அவர் படுத்துக் கிடந்தார். மற்றபடி உடம்பு நன்றாக இருந்தது, எழுந்து நடக்கத்தான் முடியவில்லை. பொழுது போகவில்லை. வீரர்களின் காதல் சாகசக் கதைகள் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு புத்தகமும் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறும்தான் இருந்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். படிக்காத நேரத்தில் மணிக்கணக்கில் பகற்கனவு கண்டார். போர்ப் புகழையும் ஒரு சீமாட்டியையும் பற்றிய கனவு முடிந்தபின் மனம் வறண்டுபோவதையும், புனிதர்களைப் போல வாழ்வதைப் பற்றிய கனவு முடிந்தபின்னும் மனம் நிறைந்திருப்பதையும் அவர் ஒருநாள் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்துதான் அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' பின்னாளில் வளர்ந்தன. அவர் தொடங்கிய இயேசு சபையிலிருந்துதான் 1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அந்த வீட்டில் அவர் கேட்ட கதைப்புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இறைவனுக்கு வேறு வழி தெரியாமல் போகாது. ஆனால் நமக்குச் சிந்திக்க இடம் இருக்கிறது.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் பிள்ளைக்கு முறுக்கைக் கொடுத்தால் சோறு இறங்காது என்று ஒவ்வோர் அம்மாவுக்கும் தெரியும். கைப்பேசி சலிப்புக்குச் செய்வதும் அதுதான். பசி முற்றுவதற்குள் அது வந்து வாயை அடைத்துவிடுகிறது. ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்பதால் சலிப்பு வந்து உட்காரவே இடமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அதைப் பிடுங்கினால், பிள்ளை முன்னைவிட எரிச்சலோடு அதே "போரடிக்குது"வைச் சொல்கிறது. இப்போது விளையாடவும் மனமில்லை. தொலைக்காட்சியிலாவது நிகழ்ச்சி முடிந்துபோகும், மின்சாரம் போகும்!

இது எல்லா வீட்டுக்கும் எப்படி வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேல் பாடமே கைப்பேசியில்தான் நடந்தது. கடன் வாங்கியாவது ஒரு போன் வாங்கிக் கொடுத்த கூலித் தொழிலாளிகள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். பாடம் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டது. போன் வீட்டில் தங்கிவிட்டது. ஆகவே பெற்றோரைக் குறை சொல்வது முறையாகாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சோறு ஊட்டக்கூடப் போன் தேவைப்படுகிற வீடுகளில் இதை ஒரே நாளில் மாற்ற முடியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஏட்டில் இதை நிதானமாகப் பேசுகிறார். மின்னணுக் கருவிகளைப் பிள்ளைகள் தொடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கருவியின் வேகம் வாழ்க்கை முழுவதற்கும் பொருந்தும் என்று பிள்ளை நம்பிவிடக் கூடாது, காத்திருக்கக் கற்பிக்கும் இடம் குடும்பமே என்கிறார்.

முதலில் தள்ளிவைத்த அந்த அச்சத்துக்கு இப்போது வருவோம். சும்மா விடுவதும் கைவிடுவதும் ஒன்றா? இல்லை. நம் வட்டாரத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களில் மழைத் தண்ணீர் ஆழம் தெரியாமல் நிற்கிறது. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீரில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஏதாவது ஓர் ஊரிலிருந்து வருகிறது. மதியம் பதினொன்று முதல் மூன்று வரை வெளியே காய்கிற வெயிலும் பிள்ளைகளுக்கு ஆகாது. பெண் பிள்ளைகளைத் தனியே விட அஞ்சும் தாய்மாரின் அச்சத்தை நாம் சிரித்து ஒதுக்க முடியாது.

குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான விநிகாட் என்ற ஆங்கிலேயர் 1958இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது. தனித்திருக்கும் திறனைப் பிள்ளை எப்படிப் பெறுகிறது? தாய் அருகில் இருக்கும்போது தனியாக விளையாடிப் பழகித்தான் என்கிறார் அவர். அம்மா அடுப்படியில் இருக்கிறார், பேசுவதில்லை, எட்டிப் பார்ப்பதில்லை, ஆனால் இருக்கிறார். பிள்ளை முற்றத்தில் மண்ணில் எதையோ செய்துகொண்டிருக்கிறது. யாருமே இல்லாத வீட்டில் பூட்டி வைத்த பிள்ளைக்கு வருவது சலிப்பு அன்று, பயம். பயத்திலிருந்து கற்பனை பிறக்காது. எனவே பகல் முழுக்க வேலைக்குப் போகிற தாய்தந்தையரின் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டியோ, பக்கத்து வீட்டு அத்தையோ, அன்பியத்தில் உள்ள யாராவது ஒருவரோ அருகில் இருக்க ஏற்பாடு வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களின் கதை வேறு. அவர்களுடைய சலிப்பு இருசக்கர வண்டியையும் கெட்ட சகவாசத்தையும் தேடிப் போய்விடக்கூடும். அவர்களுக்கு வெற்று நேரத்தோடு ஒரு பொறுப்பும் தேவை.

சரி, பிள்ளை "போரடிக்குது" என்று வந்து நிற்கிறது. என்ன பதில் சொல்வது? "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்பதே பல நேரங்களில் போதும். சில அம்மாமார் "போரடிக்குதா? வா, வெங்காயம் உரி" என்பார்கள். பிள்ளை அடுத்த நிமிடம் காணாமல் போய்விடும். அல்லது உண்மையிலேயே உட்கார்ந்து உரிக்கும். இரண்டும் நல்லதே. அழுகையும் சிணுங்கலும் இருபது நிமிடம் நீளும், சில நாள் அதற்கு மேலும் நீளும். அந்த இருபது நிமிடத்தைத் தாங்குவது பிள்ளையைவிட நமக்குத்தான் கடினம்.

வீட்டில் கொஞ்சம் சாமான் வேண்டும். காலி அட்டைப்பெட்டி, சணல், பழைய சேலைத் துணி, சாக்பீஸ், முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஒரு வாளி மண். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா என்பவர், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் 1978இல் தொடங்கி, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் குப்பையில் கிடக்கும் பொருள்களும் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்து காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருடைய செய்முறைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பிள்ளையை அதன் முன்னால் உட்காரவைத்து "இதே மாதிரி செய்" என்றால் அது இன்னொரு வகுப்பாகிவிடும். பெரியவர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டு, சாமானை மட்டும் கண்ணில் படும் இடத்தில் போட்டு வைப்பது மேல்.

வீடு குப்பையாகும். சுவரில் கோடு விழும். பக்கத்து வீட்டார் சத்தம் போடுவார்கள். இதற்கு விலை அது, கொடுக்கத்தான் வேண்டும். பிள்ளை செய்த சப்பரத்தையோ வண்டியையோ உடனே படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அடுத்த தடவை அது படத்துக்காகச் செய்ய ஆரம்பித்துவிடும்.

ஐ.நா. அவையின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. 1989இல் வந்த அந்த உடன்படிக்கையை 1992இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. ஆனால் உரிமை இருந்து என்ன, மதுரையின் தெருக்களில் இடம் இல்லையே! வண்டிகள் நின்று தெரு அடைபட்டுவிட்டது. ஊர்ப்புறத்தில் மந்தையும் களமும் சுருங்கிவிட்டன. இறைவாக்கினர் செக்கரியா, மீட்படைந்த எருசலேமைக் கனவு காணும்போது கோட்டையையும் கோபுரத்தையும் முதலில் சொல்லவில்லை. தள்ளாத வயதில் கைத்தடியோடு தெருவில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளையும், அதே தெரு நிறைய விளையாடும் சிறுவர் சிறுமியரையும் சொல்கிறார் (செக் 8:4-5). பெரியவர்கள் அங்கே விளையாட்டு நடத்தவில்லை, உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்முடைய கோவில் வளாகங்கள் பெரும்பாலும் மாலைத் திருப்பலி வரை பூட்டியே கிடக்கின்றன. விடுமுறை மாதத்தில் வாரம் மூன்று நாளாவது நாலரை மணிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, திருப்பலிக்கு முதல் மணி அடிக்கும்வரை பிள்ளைகளை விடலாம். எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வரட்டும். அணி பிரிக்க வேண்டாம், பரிசு வேண்டாம், விசில் ஊத யாரும் வேண்டாம். கிணறு இருந்தால் அதற்கு மூடி, ஒரு பானைக் குடிதண்ணீர், காயத்துக்கு மருந்துப் பெட்டி. வேப்ப மரத்தடியில் பெரியவர்கள் உட்கார இரண்டு பெஞ்சு. அந்தப் பெஞ்சுகளில் உட்காரப் போகும் தாத்தா பாட்டிகளின் பெயரை அன்பியத் தலைவர்கள் இந்த வாரமே எழுதித் தரலாம்.